மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பகுதிகளில் பத்தாம் வகுப்பு, மேனிலை வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பதால், ஓம் விதியைப் பற்றிய ஐயங்கள் ஆண்டுதோறும் ஒரே வடிவில் என்னிடம் வந்து சேர்கின்றன. வயரிங் வேலை பழகும் இளைஞர்களும், ஹீட்டரோ இன்வெர்ட்டரோ வாங்கப்போகும் வீட்டுக்காரர்களும் கேட்பவை அவற்றிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. அவற்றை எளியதிலிருந்து கடினமானது என்ற வரிசையில், கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். வேறு மதிப்பு குறிப்பிடப்படாத இடங்களில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்று கொள்க.

1. வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் - இந்த நாலும் எதைக் குறிக்குது?

வோல்ட் என்பது மின்னழுத்தத்தின் அலகு. மின்னோட்டத்தைச் செலுத்தும் உந்துதலின் அளவை அது சொல்கிறது. ஆம்பியர் என்பது கம்பியின் வழியே ஒரு வினாடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதன் அளவு. அந்த ஓட்டத்துக்குப் பொருள் காட்டும் தடையை ஓம் அளக்கிறது. ஒரு வினாடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை, அதாவது திறனை, வாட் அளக்கிறது.

இவற்றில் மின்னழுத்தம் மின்வாரியத்திடமிருந்தோ பேட்டரியிலிருந்தோ வருகிறது. மின்தடை நாம் இணைக்கும் கருவியின் குணம். மின்னோட்டமும் திறனும் இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவுகள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கடினமான கேள்விகளில் பாதி தாமாகவே அவிழ்ந்துவிடும்.

2. வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும். மின்தடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை 230 ÷ 4.35 = 52.9 ஓம். உலோகக் கம்பிகளில் வெப்பநிலை மாறாதவரை இந்த விகிதம் மாறுவதில்லை என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டார்; இதுவே ஓம் விதி. "வெப்பநிலை மாறாதவரை" என்ற நிபந்தனையை மாணவர்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை 8-ஆம் கேள்வியில் காணலாம்.

மதிப்பெண் அதிகம் போகும் இடம் அலகு மாற்றம்தான். 5 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் விடை 5 ÷ 20 = 0.25 அன்று, 5 ÷ 0.020 = 250 ஓம். மில்லியை ஆயிரத்தால் வகுத்து ஆம்பியராக்கிய பிறகே சூத்திரத்தில் இட வேண்டும்.

3. திறனுக்கும் அதே மாதிரி வகுக்கணுமா?

இல்லை, பெருக்க வேண்டும். மேலே சொன்ன இஸ்திரிப் பெட்டியின் திறன் 230 × 4.35, அதாவது ஏறத்தாழ 1000 வாட்.

4. யூனிட் என்பதும் வாட் என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்த ஆற்றல். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 இலட்சம் ஜூல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் வீடுகளில் மீட்டரைப் பார்த்துக் குறித்துச் செல்வது இந்த மொத்தத்தைத்தான். இஸ்திரிப் பெட்டியில் வெப்பக் கட்டுப்பாடு இருப்பதால் அது விட்டுவிட்டுத்தான் மின்சாரம் எடுக்கிறது. ஆகவே ஒரு மணி நேரம் தேய்த்தாலும் முழு யூனிட் ஆகாது.

5. ஹீட்டர் பெட்டியின் மேல் வாட் மட்டும்தான் போட்டிருக்கு. எந்த பிளக்கில் மாட்டலாம்னு எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும். வாளியில் போடும் 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் எடுக்கும். நம் வீடுகளில் உள்ள சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு உரியது, பெரியது 16 ஆம்பியருக்கு உரியது. ஆகவே இரண்டுமே பெரிய பிளக்கில்தான் மாட்டப்பட வேண்டும். ராடின் மூன்று முனைப் பிளக்கை மாற்றிச் சிறியதைப் பொருத்திப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறேன். அந்தப் பிளக் கருகுவதற்கு இந்த அரை ஆம்பியரே போதும், தொடர்பு சற்றுத் தளர்ந்திருந்தால் இன்னும் விரைவாகக் கருகும்.

மின்தடையும் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுக்கலாம்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். இந்த எண் 9-ஆம் கேள்வியில் மீண்டும் தேவைப்படும்.

6. திறனுக்கு மூன்று சூத்திரம் இருக்கு சார். ஒன்றில் மின்தடை கூடினால் திறன் கூடுது, இன்னொன்றில் குறையுது. எதுதான் சரி?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகச் சிறந்தது இதுவே. மூன்றும் சரி. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்பது முதல் வடிவம். அதில் மின்னழுத்தத்தின் இடத்தில் மின்னோட்டம் × மின்தடை என்று எழுதினால் மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை என்ற இரண்டாம் வடிவம் வரும். மின்னோட்டத்தின் இடத்தில் மின்னழுத்தம் ÷ மின்தடை என்று எழுதினால் மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை என்ற மூன்றாம் வடிவம் வரும். மூன்றும் ஒரே செய்தியைச் சொல்பவை. ஒரே கருவிக்கு ஒரே விடையைத் தருபவை.

முரண்பாடு தோன்றுவது "மின்தடை கூடினால்" என்ற சொற்றொடரில் ஒரு நிபந்தனை மறைந்திருப்பதால். மின்தடை கூடும்போது வேறு எது மாறாமல் இருக்கிறது என்று சொல்லாமல் அந்தக் கேள்வி முழுமையடையாது. வீட்டுப் பிளக்கில் மாறாமல் இருப்பது மின்னழுத்தம். அங்கே மின்தடையை இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகி, திறனும் பாதியாகும். தொடரிணைப்பில் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக இருப்பது மின்னோட்டம். அங்கே இரு மடங்கு மின்தடை உள்ள பொருளில் இரு மடங்கு திறன் வெளிப்படும்.

ஆகவே சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், இந்தச் சுற்றில் மாறாமல் இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வில் மட்டுமன்றிக் கம்பம் ஏறும் வேலையிலும் இந்தக் கேள்வியே வழிகாட்டும்.

7. 40 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடரில் போட்டால் எது நல்லா எரியும்?

40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். 5-ஆம் கேள்வியில் சொன்ன முறையில் 40 வாட் பல்பின் மின்தடை 1322.5 ஓம், 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். தொடரில் மொத்தம் 1851.5 ஓம்; மின்னோட்டம் 0.124 ஆம்பியர். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் முந்தைய கேள்வியின் இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். அதன்படி 40 வாட் பல்பில் ஏறத்தாழ 20 வாட், 100 வாட் பல்பில் ஏறத்தாழ 8 வாட் வெளிப்படும்.

செய்முறையில் இந்த எண்கள் அப்படியே வரா. முழு வெப்பத்தை எட்டாத மின்னிழையின் மின்தடை குறைவாக இருக்கும். அதிலும் 100 வாட் பல்பின் இழை மிகக் குறைவாகச் சூடாவதால் அதன் பங்கு மேலும் குறையும். வரிசை மட்டும் மாறாது.

8. மல்டிமீட்டரில் 60 வாட் குண்டு பல்பை அளந்தேன். கணக்குப்படி 880 ஓம் வரணும், 65 ஓம்தான் காட்டுது. மீட்டர் பழுதா?

மீட்டரும் சரி, கணக்கும் சரி. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. கணக்கு சொன்னது எரியும் இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அப்போது அதன் மின்தடை குளிர்ந்த நிலையில் இருந்ததைப் போல் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் 230 ÷ 65, அதாவது மூன்றரை ஆம்பியர் வரை பாய்ந்து, இழை சூடானதும் 0.26 ஆம்பியருக்கு இறங்குகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் ஃபியூஸ் ஆவதற்கு இதுவே காரணம்.

ஹீட்டர்களில் உள்ள நிக்ரோம் கம்பி அப்படியன்று. செந்தணலாகச் சிவந்தாலும் அதன் மின்தடை சில விழுக்காடே மாறும். ஆகவே கீசரை மின் இணைப்பிலிருந்து பிரித்து மல்டிமீட்டரால் அளந்தால், கணக்கில் வந்த 26 ஓமுக்கு நெருக்கமாகவே காட்டும்; கீசர் பழுதா என்று பார்க்க இது நம்பகமான சோதனை.

9. எங்க ஊரில் சாயங்காலமானால் 180 வோல்ட்தான் வருது. ஹீட்டர் குறைவாகத்தானே கரண்ட் எடுக்கும், பில்லும் குறையுமா?

ஹீட்டரில் மாறாமல் இருப்பது மின்தடை. 2000 வாட் கீசரின் 26.45 ஓமை எடுத்துக்கொண்டால், 180 வோல்ட்டில் 6.8 ஆம்பியர் பாயும். திறன் 1225 வாட். மின்னழுத்தம் 22 விழுக்காடு குறைந்தால் திறன் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைகிறது. இருமடித் தொடர்பின் விளைவு இது.

பில் குறையாது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.52 யூனிட் தேவை. மின்னழுத்தம் எதுவாயினும் தண்ணீருக்கு வேண்டிய வெப்பம் அதுவே. முழு மின்னழுத்தத்தில் 16 நிமிடத்தில் முடியும் வேலை 180 வோல்ட்டில் 26 நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான். நேரம் நீள்வதால் தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பமும் சற்றுக் கூடும்.

10. ஆம்பியர் அளக்கலாம்னு மல்டிமீட்டரை பிளக்கில் வைத்ததும் படார்னு ஃபியூஸ் போயிடுச்சு. ஏன்?

ஆம்பியர் அளக்கும் நிலையில் மீட்டரின் மின்தடை மிகமிகக் குறைவு; சுற்றின் ஓட்டத்தை அது மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை 0.1 ஓம் என்று கொண்டு 230-ஐ வகுத்தால் 2300 ஆம்பியர் வரும். வீட்டுக் கம்பிகளின் மின்தடையால் உண்மையில் அவ்வளவு பாயாது என்றாலும், நீங்கள் செய்தது நேரடிக் குறுக்குச்சுற்று. மின்னழுத்தத்தைப் பக்க இணைப்பிலும் மின்னோட்டத்தைத் தொடரிணைப்பிலும் அளக்க வேண்டும். மின்தடையை அளக்கும்போது மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஆம்பியர் பார்க்க, கம்பியை வெட்டாமல் அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் உகந்தது. பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டில் ஒரு கம்பியை மட்டும் அதன் வாய்க்குள் விட வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் எதிரெதிர் ஓட்டங்கள் ஒன்றையொன்று நீக்கிச் சுழியம் காட்டும்.

11. வேலூர் மே மாச வெயிலில் வயரின் மின்தடை கூடுமா?

கூடும். தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. 20 டிகிரியில் அளந்த கம்பி 45 டிகிரியில் கிட்டத்தட்ட 10 விழுக்காடு கூடுதல் மின்தடை காட்டும். மொட்டைமாடியில் வெயில் படும்படி ஓடும் குழாய்க்குள் 60 டிகிரி ஆனால் அது 16 விழுக்காடு.

ஆனால் கவலைப்பட வேண்டியது இந்த உயர்வுக்காக அன்று. கம்பியில் உண்டாகும் வெப்பம் வெளியேற வேண்டுமென்றால் சுற்றுப்புறம் கம்பியைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். வழக்கமான பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். குழாயே 60 டிகிரியில் இருந்தால் மின்னோட்டத்தால் சூடேறுவதற்கு 10 டிகிரிதான் மிச்சம். நம் ஊரில் எல்லா ஏசிகளும் முழு வேகத்தில் ஓடும் அதே நண்பகலில்தான் கம்பியின் தாங்கும் திறன் மிகக் குறைவாக இருக்கிறது. ஆகவே மாடிவழி செல்லும் ஏசி இணைப்புக்கு ஒரு அளவு தடித்த கம்பியைப் போடும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

12. வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போர்வெல் மோட்டார். அங்கே வோல்டேஜ் குறையுதே?

மின்னோட்டம் போகவும் திரும்பவும் வேண்டும் என்பதால் கணக்கில் வருவது 200 மீட்டர் கம்பி. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள தாமிரக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0172 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியென்றால் 0.0172 × 200 ÷ 2.5 = 1.38 ஓம். 10 ஆம்பியர் பாயும்போது வழியிலேயே 13.8 வோல்ட் இழக்கப்படும். 138 வாட் கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 8.6 வோல்ட்டும் 86 வாட்டுமாகக் குறையும். மோட்டார் கிளம்பும் வினாடிகளில் மின்னோட்டம் பல மடங்காவதால் அப்போது மின்னழுத்தம் இன்னும் அதிகமாகத் தாழும். "உம்" என்று முனகிவிட்டு மோட்டார் சுற்றாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

13. திருவலம் பக்கம் போகும் பெரிய கோபுர லைனில் ஏன் அவ்வளவு வோல்டேஜ்?

திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. அனுப்ப வேண்டிய திறன் மாறாமல் இருக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும். கம்பியில் இழப்போ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 கிலோவோல்ட்டில் அனுப்புவதை 765 கிலோவோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 3.3-இல் ஒரு பங்கு. அதே கம்பியில் இழப்பு 11-இல் ஒரு பங்கு.

"மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை என்றால் இழப்பு கூடத்தானே வேண்டும்?" என்று உடனே மறுகேள்வி வரும். 765 கிலோவோல்ட் என்பது கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம். ஒரு கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே விழும் மின்னழுத்தம் அன்று. 12-ஆம் கேள்வியில் 230 வோல்ட்டை எடுக்காமல் 13.8 வோல்ட்டை எடுத்து 13.8 × 13.8 ÷ 1.38 என்று போட்டுப் பாருங்கள். அதே 138 வாட் வரும்.

14. அடுப்புக் காயில் அறுந்துபோச்சு. முறுக்கிச் சேர்த்த பிறகு முன்னைவிட நல்லா எரியுதே?

நீளம் குறைந்ததால் மின்தடை குறைந்திருக்கிறது. மின்னழுத்தம் மாறாததால் திறன் கூடியிருக்கிறது. 1000 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் 52.9 ஓம் 47.6 ஓமாகி, திறன் 1111 வாட் ஆகும். கம்பியின் குறைந்த பரப்பிலிருந்து கூடுதல் வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால் அது மேலும் சிவந்து விரைவில் அறும். முறுக்கிய இடத்தில் தொடர்பு சரியாக அமையாமல் தனியாக ஒரு மின்தடை உண்டாகும். தொடரிணைப்பில் மின்தடை கூடுதலான இடமே அதிகம் சூடாகும் என்பதை 6-ஆம் கேள்வியில் பார்த்தோம். புதுக் காயில் வாங்குவதே சரி.

15. மோட்டார், ஃபேன், ஏசிக்கும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வந்துடுமா?

வராது. மாறுமின்னோட்டத்தில் சுருள் உள்ள கருவிகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால் (பின்தங்கல் கூடக்கூட 1-இலிருந்து குறையும் எண்) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். கிளாம்ப் மீட்டர் 6 ஆம்பியர் காட்டும் ஒரு மோட்டாரில் 230 × 6 = 1380 வோல்ட்-ஆம்பியர்; திறன் காரணி 0.8 என்றால் 1104 வாட். ஆர்க்காடு, ஆரணிப் பக்கக் கழனிகளில் உள்ள மும்முனை பம்புசெட்டுக்கு 1.732 × 415 × ஆம்பியர் × திறன் காரணி என்று கணக்கிட வேண்டும்.

அதே மோட்டாரில் 230 ÷ 6 = 38 ஓம் என்று வகுப்பதும் சுருளின் மின்தடை ஆகாது. மல்டிமீட்டரில் அந்தச் சுருள் சில ஓம்களே காட்டக்கூடும். சுழலும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கிக்கொள்வதால்தான் ஓட்டம் அடங்கியிருக்கிறது. மணல் அடைத்துச் சுழற்சி நின்றால் அந்த எதிர்ப்பு மறைந்து மின்னோட்டம் பல மடங்காகி, காயில் எரிந்துபோகும்.

16. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஏன் அவ்வளவு தடிமனான வயர்?

600 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். பேட்டரி வயரிலும் முனைகளிலும் 0.01 ஓம் இருந்தாலே 50 × 50 × 0.01 = 25 வாட் அங்கே வெப்பமாகும். முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைத் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

17. எல்இடி பல்பின் மின்தடை எவ்வளவு?

இதற்கு ஒரே எண்ணாக விடை சொல்ல முடியாது. 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரு சிறு எல்இடிக்கு வகுத்துப் பார்த்தால் 150 ஓம் வரும். அதை நம்பி, 6 வோல்ட் கொடுத்தால் 40 மில்லி ஆம்பியர் பாயும் என்று முடிவுசெய்தால் எல்இடி அந்த நொடியே கருகிவிடும்; அதில் மின்னழுத்தம் சிறிது ஏறினாலே மின்னோட்டம் பல மடங்கு ஏறும். ஆகவே தொடரில் ஒரு மின்தடையாக்கியைச் சேர்க்கிறோம். 12 வோல்ட் பேட்டரி என்றால் மிச்சமுள்ள 9 வோல்ட்டை 0.020 ஆம்பியரால் வகுத்து 450 ஓம் என்று கணக்கிட்டு, கடையில் கிடைக்கும் 470 ஓமை வாங்கலாம்.

வீட்டு 9 வாட் எல்இடி பல்புக்குள் ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது. நல்ல தரமான பல்புகளில் அது வெளிச்சம் மாறாதபடி திறனை நிலையாக வைத்திருக்கும். அங்கே மாறாமல் இருப்பது மின்னழுத்தமும் அன்று, மின்தடையும் அன்று, திறன். ஆகவே 9-ஆம் கேள்வியின் ஹீட்டருக்கு நேர்மாறாக, மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் இந்த பல்பு எடுக்கும் மின்னோட்டம் குறையாமல் கூடும். இன்வெர்ட்டர் ஏசியும் கணினியும் இதே வகையைச் சேர்ந்தவை.